பெஸண்ட் அம்மையாரும் இரண்டு பிள்ளை வழக்குகளும்

காலஞ்சென்ற ஸ்ரீமதி அன்னி பெஸண்ட் அம்மையாரை நமது தேசம் ஹோம் ரூல் கிளர்ச்சியின் தலைவியாக நினைவில் வைத்திருக்கிறது. 1917-ம் வருஷத்துக் கல்கத்தாக் காங்கிரஸில் அக்கிராசனம் வகித்த அவரே அந்த ஸ்தானத்தை அடைந்த முதல் பெண்மணி. சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தாருக்கு அவரிடம் வேறொரு பாத்தியதையும் உண்டு. 1923-ம் வருஷத்தில் சிவகாசியிலிருந்து ஸ்ரீமான்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதற்கு 35 வருஷங்களுக்கு முன்பே லண்டன் மாநகரின் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களுக்காகப் போராடியவர் இந்த அம்மையார்.

மேடையேறுகிறவர்கள் இவற்றை விஸ்தாரமாகச் சொல்லுகிறார்கள். அவர் வாழ்க்கையில் நடந்த இரண்டு வழக்குகளைப் பற்றி மட்டும் அநேகமாக எவரும் வாய் திறப்பதில்லை. முதல் வழக்கில் அவர் தாயாக நின்று தம் பெண்ணை இழந்தார். இரண்டாவது வழக்கில் ஒரு தகப்பனாரின் பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, அவருக்கு எதிராக நின்று ஜெயித்தார். தம்பதிகள் பிரிவதும், ஜீவனாம்சம் கேட்பதும், குழந்தை யாரிடம் வளர்வதென்று கோர்ட்டுப் படி ஏறுவதும் நமது ஜில்லாவில் புதிய விஷயங்கள் அல்ல. ஆகையால் இவ்விரு வழக்குகளையும் நேயர்கள் சேர்த்து வைத்துப் பார்ப்பது நலம் என்று கருதுகிறோம்.

அம்மையார் 1847-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் பிறந்தார். 1867 டிஸம்பரில், இருபதாவது வயதில், பிராங்க் பெஸண்ட் என்னும் பாதிரியாரை மணந்தார். 1869-ல் டிக்பி என்ற ஆண் குழந்தையும், 1870-ல் மேபல் என்ற பெண் குழந்தையும் பிறந்தன. அக்காலத்து இங்கிலீஷ் சட்டத்தில் விவாகமான ஸ்திரீ தனி மனுஷியாகவே எண்ணப்படவில்லை. அம்மையார் தாம் எழுதிய முதல் கதைக்கு 30 ஷில்லிங் சம்பாதித்தபோது, அந்தப் பணமும் சட்டப்படி கணவருடையதே என்பதை அறிந்து திகைத்தார்.

கைக்குழந்தை மேபலுக்குக் கக்குவான் இருமல் கண்டு உயிருக்குப் போராடிய நாட்களில் அம்மையாருக்குக் கடவுளிடத்தில் இருந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. மனத்தில் இல்லாத நம்பிக்கையை வெளியில் காட்ட அவர் சம்மதிக்கவில்லை. பாதிரியாரின் மனைவி கோயிலில் திருவிருந்து வாங்க மறுத்தால் ஊர் என்ன பேசும்? 1873-ல் இருவரும் பிரிந்தார்கள்.

பிரிந்தார்களேயன்றி விவாகரத்துப் பெறவில்லை. பெற வழியும் இல்லை. 1857-ம் வருஷத்து இங்கிலீஷ் விவாகச் சட்டம் கணவனுக்கு ஒரு நியாயமும் மனைவிக்கு வேறொரு நியாயமும் வைத்திருந்தது. மனைவியின் சோரம் ஒன்றை மட்டும் நிரூபித்தால் கணவன் விவாகரத்துப் பெறலாம். மனைவியோ கணவனுடைய சோரத்தோடு கொடுமையோ, கைவிட்டுப் போனதோ, அவை போன்ற வேறொரு குற்றமோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். கொடுமை மட்டும் இருந்தால் சேர்ந்து வாழ வேண்டியதில்லை என்ற உத்தரவு கிடைக்குமே தவிர, விவாகம் ரத்தாகாது.

இந்தச் சட்டம் சீமையோடு நின்றதென்று நேயர்கள் நினைக்க வேண்டாம். அதே அச்சில் வார்க்கப்பட்ட 1869-ம் வருஷத்து இந்திய விவாகரத்துச் சட்டம் நமது கிறிஸ்தவக் குடும்பங்களை ஆண்டு வந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலிருந்த அந்தப் பாரபட்சம் 2001-ம் வருஷத்துத் திருத்தத்தினால்தான் நீங்கிற்று.

விவாகரத்துக்கு வழியில்லாத நிலையில் பிரிவினைப் பத்திரம் ஒன்று எழுதப்பட்டது. அம்மையாரின் சகோதரர் அதில் தர்மகர்த்தாவாக நின்றார். அம்மையாருக்கு ஜீவனத்துக்கென்று ஒரு சிறு வருஷாந்தரத் தொகை, மகன் தகப்பனாரிடம், மகள் தாயாரிடம் என்பது ஏற்பாடு. ஒருவர்மேல் ஒருவர் தாம்பத்திய வழக்குத் தொடுப்பதில்லை என்றும் அதில் கண்டிருந்தது. இருபத்தாறு வயதில் ஒரு குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மையார் லண்டன் வந்து சேர்ந்தார்.

1874-ல் சார்லஸ் பிராட்லா அவர்களின் நாஸ்திக சங்கத்தில் சேர்ந்தார். பிரசங்கமும் பத்திரிகையும் அவருக்குத் தொழிலாயின. குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி டாக்டர் நோல்டன் என்னும் அமெரிக்கர் எழுதிய சிறு நூலை 1877-ல் இருவரும் சேர்ந்து வெளியிட்டதற்காகச் சர்க்கார் வழக்கு நடந்தது. ஆறு மாதச் சிறையும் அபராதமும் விதிக்கப்பட்டன. குற்றப் பத்திரிகையில் இருந்த ஒரு பிழையினால் 1878 பிப்ரவரியில் அப்பீலில் இருவரும் தப்பினார்கள். சிறை நீங்கிற்று, ஆனால் அதனினும் கொடிய தண்டனை வேறொரு கோர்ட்டில் காத்திருந்தது.

மகள் மேபலைத் தம்மிடம் ஒப்புவிக்க வேண்டுமென்று பாதிரியார் மனுச் செய்தார். 1878 மே மாதத்தில் ஸர் ஜார்ஜ் ஜெஸல் முன்னிலையில் விசாரணை நடந்தது. அம்மையார் வக்கீல் வைக்காமல் தாமே வாதித்தார். குழந்தையை அவர் அன்போடு வளர்த்து வந்தார் என்பதை நீதிபதி மறுக்கவில்லை. ஆயினும் தாயார் குழந்தைக்கு மத போதனை கொடுக்க மறுப்பதும், அந்த நூலை வெளியிட்டதும் குழந்தையின் எதிர்காலத்துக்குக் கேடு என்று சொல்லி, மகளைத் தகப்பனாரிடம் ஒப்புவிக்க உத்தரவிட்டார். எட்டு வயது நிரம்பாத பெண் அழுதுகொண்டே எடுத்துச் செல்லப்பட்டாள். அம்மையார் கடும் ஜுரத்தில் விழுந்தார். 1879-ல் அப்பீல் கோர்ட்டும் அந்த உத்தரவையே உறுதி செய்தது.

பத்திரத்தில் மகள் தாயாருக்கென்று எழுதியிருந்ததே, அது என்னவாயிற்று என்று கேட்கலாம். குழந்தையின் விஷயத்தில் பெற்றோர் எழுதிக்கொண்ட பத்திரம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்பது கோர்ட்டின் முடிவு. அப்படியானால் அந்தப் பத்திரமே செல்லாது அல்லவா என்று அம்மையார் தாம்பத்திய உரிமை கோரி வேறு வழக்குத் தொடுத்தார். அங்கே அதே நீதிபதி, பத்திரத்தின் மற்ற ஷரத்துக்கள் செல்லும், வழக்குத் தொடுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தவர் தொடுக்கக்கூடாது என்று தடுத்துவிட்டார். ஆகவே மகளை அவருக்குக் கொடுத்த பாகம் செல்லாமலும், அவர் கையைக் கட்டிய பாகம் செல்லும்படியும் ஒரே பத்திரம் இரண்டாகப் பிளந்தது. சட்டம் படித்த நமக்கு இரண்டு தீர்ப்புக்கும் தனித்தனியே காரணம் விளங்குகிறது. இரண்டும் ஒருத்தியின் தலைமேல் விழுந்தபோது அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதும் விளங்குகிறது.

குழந்தைகளைப் பார்க்க அம்மையாருக்குக் கோர்ட்டு அனுமதி இருந்தது. ஆனால் அந்தச் சந்திப்புகள் தமக்கும் குழந்தைகளுக்கும் வேதனையாகவே முடிவதைக் கண்டு, அவர்கள் வளரும் வரையில் விலகி நிற்பதென்று தீர்மானித்தார். வளர்ந்து தம் விருப்பப்படி நடக்கும் வயது வந்தவுடன் டிக்பி, மேபல் இருவரும் தாயாரைத் தேடி வந்தார்கள். கோர்ட்டு பிரித்து வைத்ததைப் பிள்ளைகளின் மனம் ஒட்ட வைத்துவிட்டது.

தம் குழந்தைகளைப் பிரிந்த துயரத்தை அம்மையார் ஊரார் குழந்தைகளுக்கு உழைப்பதில் ஆற்றிக்கொண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1888 ஜூன் மாதத்தில், பிரயண்ட் அண்டு மே கம்பெனியின் தீப்பெட்டித் தொழிற்சாலையில் சிறுமிகளும் பெண்களும் படும் பாட்டை அவர் பத்திரிகையில் எழுதினார். கூலி அற்பம்; அதிலும் அபராதப் பிடித்தம். வெண் பாஸ்பரஸின் நச்சுப் புகையால் தாடை எலும்பு அழுகும் வியாதி வேறு. ஜூலையில் சுமார் 1,400 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். சில வாரங்களில் கம்பெனி இணங்கி அபராதங்களை எடுத்துவிட்டது. அங்கே ஏற்பட்ட தொழிலாளர் சங்கத்துக்கு அம்மையாரே காரியதரிசியானார். வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியை 1913-ல் இந்தியச் சட்டமும் தடுத்தது. அதற்குப் பின் பிறந்த சிவகாசித் தொழிலுக்கு அந்த வியாதி வராமற்போனது ஒரு பெரும் பாக்கியம்.

1889-ல் அம்மையார் பிரம்மஞான சங்கத்தைத் தழுவினார். 1893 நவம்பரில் தூத்துக்குடித் துறையில் இறங்கி முதன்முதலாக நமது மண்ணை மிதித்தார். 1898-ல் காசியில் மத்திய ஹிந்து கலாசாலையை ஸ்தாபித்தார். 1907-ல் பிரம்மஞான சங்கத்தின் தலைவியாகி அடையாற்றில் வாசம் செய்தார். இரண்டாவது வழக்கு அங்கேதான் முளைத்தது.

ஸ்ரீமான் ஜிட்டு நாராயணய்யா மதனப்பள்ளியைச் சேர்ந்தவர், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், சங்க அங்கத்தினர். 1909-ல் பிள்ளைகளோடு அடையாற்றுக்குக் குடிவந்தார். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியை, உலகுக்கு வரப்போகும் ஆசாரியனுக்கு ஏற்ற பாத்திரம் என்று சங்கத்துப் பெரியவரான லெட்பீட்டர் துரை கண்டு சொன்னார். 1910 மார்ச் 6-ந் தேதி நாராயணய்யா, கிருஷ்ணமூர்த்திக்கும் அவன் தம்பி நித்யானந்தத்துக்கும் அம்மையாரையே கார்டியனாக ஒப்புக்கொண்டு கடிதம் எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் நல்ல கல்வி பெறுவார்கள், சீமையில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்குப் போவார்கள் என்பது அவர் ஆசை. அம்மையார் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அழைத்துப் போய் அங்கே படிக்க வைத்தார்.

நாளடைவில் தகப்பனாரின் மனம் மாறிற்று. தம் மகனைத் தெய்வமாக்கி ஜனங்கள் வணங்குவதும், லெட்பீட்டரின் சகவாசமும் அவருக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டார், கிடைக்கவில்லை. 1912-ல் செங்கற்பட்டு ஜில்லாக் கோர்ட்டில் தாவாச் செய்தார். அது சென்னை ஹைக்கோர்ட்டுக்கு மாற்றப்பட்டு, 1913-ல் ஜஸ்டிஸ் பேக்வெல் முன்னிலையில் விசாரணையாயிற்று. நாராயணய்யாவின் பக்கம் வாதித்தவர் அப்போது இளம் வக்கீலாயிருந்த ஸ்ரீமான் ஸி. பி. ராமஸ்வாமி அய்யர். அம்மையார் 35 வருஷங்களுக்கு முன் லண்டனில் செய்தது போலவே தம் கட்சியைத் தாமே வாதித்தார்.

தகப்பனார் சுமத்திய மிகக் கடுமையான குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. இருந்தபோதிலும் பிள்ளைகளைத் தகப்பனாரிடம் ஒப்புவிக்குமாறு 1913 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. அக்டோபரில் அப்பீல் பெஞ்சும் அதையே உறுதிப்படுத்தியது. அம்மையார் சீமையில் பிரிவி கௌன்ஸில் வரையில் சென்றார். 1914 மே மாதத்தில் அங்கே தீர்ப்பு மாறிற்று.

அந்தத் தீர்ப்பை நேயர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். தகப்பனுக்குள்ள பாதுகாவல் புனிதமான பொறுப்பு. அதை அவன் வேறொருவருக்கு மீட்க முடியாதபடி எழுதிக் கொடுத்துவிட முடியாது. வளர்க்கவும் படிக்க வைக்கவும் பிறரிடம் விடலாம், ஆனால் விட்டதைத் திரும்பக் கேட்கலாம் என்று பிரிவி கௌன்ஸில் கூறிற்று. அதாவது 1910-ம் வருஷத்துக் கடிதத்தைக் கொண்டு அம்மையாருக்கு நிரந்தர உரிமை பிறக்கவில்லை. பின் எப்படி ஜெயித்தார்? பிள்ளைகள் வசிப்பது இங்கிலாந்தில். செங்கற்பட்டு ஜில்லாக் கோர்ட்டுக்கு அவர்கள்மேல் அதிகாரம் இல்லை. பிள்ளைகளின் க்ஷேமத்தைப் பற்றிய விசாரணையில் அவர்களுடைய விருப்பம் என்னவென்று முறைப்படி அறியப்படவுமில்லை. தகப்பனார் வேண்டுமானால் இங்கிலாந்து ஹைக்கோர்ட்டில் மனுச் செய்து கொள்ளட்டும் என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார்கள். கிருஷ்ணமூர்த்திக்கு அப்போது 19 வயது. மதனப்பள்ளிக்காரரான ஒரு பென்ஷன்தாரர் சீமைக் கோர்ட்டில் புதிதாக வழக்காடுவது நடக்கிற காரியமா? சட்டத்தில் வழி திறந்திருந்தது. நடைமுறையில் கதவு சாத்தப்பட்டது.

இதில் அம்மையாரின் நடத்தையை எப்படி மதிப்பது? அவர் பிள்ளைகளை அன்பாக வளர்த்தார் என்பதிலும், பிள்ளைகள் அவரை அம்மா என்றே கொண்டாடினார்கள் என்பதிலும் சந்தேகமில்லை. தகப்பனாரிடம் திரும்ப அவர்களுக்கு விருப்பமில்லை என்பதும் மெய்யே. இருந்தாலும், 1878-ல் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த வேதனையை அறிந்தவர், 1912-ல் அதே வேதனையோடு வாசலில் நின்ற ஒருவரைப் பிரதிவாதியாக எதிர்த்து நிற்காமல், உட்கார வைத்துப் பேசியிருக்கலாகாதா? தேசத்தொண்டுக்காக நாம் போற்றும் ஒருவரைப் பற்றி இப்படி எழுத மனம் கூசுகிறது. ஆனால் பெரியோரின் குறையை மறைத்து எழுதும் சரித்திரத்தால் படிப்பவனுக்குப் பயன் இல்லை.

அம்மையாரின் பிற்காலத்தை நேயர்கள் அறிவார்கள். 1916-ல் ஹோம் ரூல் லீக்கை ஆரம்பித்தார். 1917 ஜூனில் கவர்னர் பெண்ட்லண்ட் பிரபுவின் சர்க்கார் அவரைக் காவலில் வைக்க, நாடே கொதித்தெழுந்தது, செப்டம்பரில் விடுதலையானார். கோர்ட்டில் அவரை எதிர்த்து வாதித்த ராமஸ்வாமி அய்யரே லீக்கில் அவருக்கு வலக்கையாக விளங்கினார். ஒத்துழையாமை விஷயத்தில் மகாத்மாவோடு அம்மையார் மாறுபட்டு ஒதுங்கியதும் உண்டு. எந்த மகனுக்காகப் பிரிவி கௌன்ஸில் வரையில் வாதாடினாரோ, அந்தக் கிருஷ்ணமூர்த்தி 1929 ஆகஸ்டில், தம்மை ஆசாரியனாக வைத்து அமைத்த சங்கத்தைத் தாமே கலைத்துவிட்டார். அம்மையார் 1933 செப்டம்பர் 20-ந் தேதி அடையாற்றில் காலமானார். தகப்பனாரும் வளர்ப்புத் தாயாரும் கோர்ட்டில் இழுபறி செய்த பிள்ளை, இறுதியில் இருவர் போட்ட கோட்டிலும் நடக்கவில்லை.

அந்த நாட்களுக்குப் பிறகு சட்டம் வெகுதூரம் நடந்து வந்திருக்கிறது. 1949-ல் சென்னை மாகாணச் சட்டமும், 1955-ல் ஹிந்து விவாகச் சட்டமும் ஹிந்துக்களுக்கு விவாகரத்து உரிமை தந்தன. இருவரும் சம்மதித்துப் பிரியும் வழி 1976-ல் சேர்க்கப்பட்டது. வழக்கு நடக்கும் காலத்துக்கும் அதன் பின்னும் ஜீவனாம்சம் கேட்க 1955-ம் வருஷத்துச் சட்டத்திலேயே இடமுண்டு. மனைவிக்கும் குழந்தைக்கும் விரைவில் உதவுவதற்கென்று கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த 125-வது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய ஸம்ஹிதையின் 144-வது பிரிவாக அமுலில் இருக்கிறது. 1956-ம் வருஷத்து ஹிந்து மைனர் பாதுகாவல் சட்டம், குழந்தையின் க்ஷேமமே தலையாயது என்று 13-வது பிரிவில் விதிக்கிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயாரிடமே இருக்க வேண்டும் என்றும் சொல்லுகிறது. தகப்பனார் உயிரோடிருக்கும்போதே தாயாரும் இயற்கைப் பாதுகாவலராக இருக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1999-ல் தெளிவுபடுத்தியது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்தும் நமது பழக்கம் வந்து சேரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி அத்துவிட்டு, முத்திரைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் நமது கிராமங்களுக்குத் தெரிந்ததே. பிள்ளை தகப்பனுக்கு, தாயாருக்கு இனி யாதொரு பாத்தியதையும் இல்லை என்று அதில் ஒரு வரி இருக்கும். அல்லது பிள்ளை தாயாருக்கு, ஜீவனாம்சம் கேட்பதில்லை என்று ஒரு வரி இருக்கும். பிள்ளையைக் கொடுத்து ஜீவனாம்சத்தை மிச்சம் பிடிப்பதும், ஜீவனாம்சத்துக்குப் பயந்து பிள்ளையைக் கேட்பதும் வியாபாரமாக நடைபெறுகின்றன. அம்மையாரின் பிரிவினைப் பத்திரமும் நாராயணய்யாவின் கடிதமும் என்ன கதியடைந்தன என்று நினைத்துப் பார்க்க வேண்டும். குழந்தையின் விஷயத்தில் எந்தப் பத்திரமும் முடிந்த முடிவல்ல. குழந்தை தன் போஷணைக்குக் கேட்கும் உரிமையைத் தாயாரோ தகப்பனாரோ எழுதிக் கொடுத்து இழக்கச் செய்யவும் முடியாது.

நாம் வக்கீல் தொழிலில் இருந்த காலத்தில் ஒரு வழக்கு நடந்தது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பான். தகப்பன் பக்கம் நாம். தாய் பக்கம் வேறொருவர். பத்து மாதம் வாதித்தோம். கடைசியில் நீதிபதி அவனைத் தனியே அழைத்துப் பேசினார். பள்ளிக்கூடத்தை விட்டு வாய்தாவுக்கு வராமல் இருக்கும்படி செய்ய வேண்டும் என்பதே அவன் கேட்ட முதல் வரம். அந்தப் பத்து மாதத்தில் அவனிடம் ஒரு வார்த்தை கேட்க நமக்குத் தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

நமது நேயர்களில் பலர் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருகிறவர்கள், சங்கங்களை நடத்துகிறவர்கள், கட்சி ஊழியர்கள். இத்தகைய தகராறு உங்கள் முன் வரும்போது பத்திரம் எழுதப் பேனாவை எடுப்பதற்கு முன்னால் குழந்தையைப் பக்கத்தில் அழைத்துப் பேசுங்கள். எந்தப் பள்ளியில் படிக்கிறது, யார் சோறு ஊட்டுகிறார், யாரிடம் இருக்க விரும்புகிறது என்று கேளுங்கள். ஜீவனாம்சத்தைத் தனியே பேசுங்கள். குழந்தையை அதற்கு ஈடாக வைக்க விடாதீர்கள். குழந்தையை வைத்திருப்பவர், மற்றவர் வந்து பார்க்கக் கதவைத் திறந்து வைக்கும்படி செய்யுங்கள். லண்டனில் மேபலையும் அடையாற்றுப் பிள்ளைகளையும் பற்றி நடந்த வழக்குகளில் பெரியவர்கள் கேட்க மறந்ததை நமது ஊர்களிலாவது கேட்கப் பழகுவோமாக.